ரேடியோலேரியா ஓடுகளை இனங்காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலவியல் படிக்கும் மாணவர்களும், நுண்ணோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்களும் ரேடியோலேரியா பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பல பதில்களுக்கு அடியில் ஓடுவது ஒரே கருத்துதான்: ஓட்டின் வெளி உருவத்தை வைத்துப் பெரிய பிரிவை முடிவு செய்யாதீர்கள், அது வளரத் தொடங்கிய மையத்தைத் தேடுங்கள்.

ரேடியோலேரியா என்றால் என்ன?

கடலில் மட்டும் வாழும் ஒருசெல் உயிரி. நீரில் மிதந்து வாழும். துருவக் கடல் முதல் நிலநடுக்கோட்டுக் கடல் வரை, மேற்பரப்பு நீரிலிருந்து ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் வரை எங்கும் உண்டு. செல்லுக்குள் கண்ணாடி போன்ற ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கிறது. பெரும்பாலானவற்றின் அளவு 50 முதல் 300 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்குகூட வராது. உயிரி இறந்ததும் கூடு கடலடியில் விழுந்து சேறாகிறது. அந்தச் சேறு இறுகினால் செர்ட் என்னும் கடினமான சிலிக்காப் பாறை. கேம்பிரியன் காலத்திலிருந்தே இவற்றின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன என்பதால், 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இவற்றுக்கு உண்டு.

எல்லா ரேடியோலேரியாவும் புதைபடிவமாக மாறுமா?

மாறாது. அகாந்தேரியா என்ற பிரிவின் கூடு ஸ்ட்ரான்சியம் சல்ஃபேட்டால் ஆனது. உயிரி இறந்ததுமே கரையத் தொடங்கிவிடும், சேற்றில் தேடிப் பயனில்லை. ஃபியோடேரியா என்ற இன்னொரு கூட்டத்தையும் நீண்ட காலம் ரேடியோலேரியாவோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். அதன் கூட்டில் சிலிக்காவோடு கரிமப் பொருளும் கலந்திருக்கும், கம்பிகள் உள்ளே குழாயாக இருக்கும், எளிதில் சிதைந்துபோகும். மரபணு ஆய்வு வந்த பிறகு அது செர்கோசோவா என்னும் வேறொரு குழுவைச் சேர்ந்தது என்று தெரிந்தது. எனவே புதைபடிவ ஆய்வாளர் ரேடியோலேரியா என்று சொன்னால், நடைமுறையில் பாலிசிஸ்டின் என்ற பிரிவைத்தான் சொல்கிறார். அவற்றின் கூடு ஓபல் வகைச் சிலிக்கா, கம்பிகள் திடமானவை.

ஸ்லைடில் டயாட்டம், கடற்பஞ்சு ஊசி, ஃபோராமினிஃபெரா எல்லாம் கலந்திருக்கிறதே, எப்படிப் பிரிப்பது?

முதலில் அமிலம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரியின் சுண்ணாம்பு ஓடு நுரைத்துக் கரைந்துவிடும், சிலிக்கா அப்படியே இருக்கும். மிச்சமிருப்பவற்றில், டயாட்டம் என்னும் நுண்பாசி மூடியும் அடியுமாக இரண்டு பாதிகள் கொண்டது. அதன் துளைகள் மிக நுண்ணியவை, வரிசை ஒழுங்கு அச்சடித்தது போல இருக்கும். கடற்பஞ்சு ஊசியின் நடுவே நீளவாட்டில் ஒரு மெல்லிய கால்வாய் ஓடும், நுண்ணோக்கியின் குவியத்தைச் சற்று மாற்றினாலே அது தெரிந்துவிடும். சிலிகோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் சிலிக்காக் கூட்டு நுண்ணுயிரிகள் சிறியவை, வெறும் வளையமும் சில பாலங்களுமாக உள்ளீடற்ற குழாய்களால் ஆனவை. ரேடியோலேரியாவுக்குப் பெரும்பாலும் சல்லடை போன்ற சுவர், பெரிய துளைகள், முட்கள், உள்ளே இன்னொரு ஓடோ உள் கம்பிகளோ இருக்கும். உடைந்த ஒற்றை முள்ளை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

சரி, இது ரேடியோலேரியாதான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன பார்ப்பது?

சமச்சீர். இன்றைய கடலிலும் செனோசோயிக் (டைனோசர்களுக்குப் பிந்தைய யுகம்) படிவுகளிலும் நீங்கள் காணப்போவதில் பெரும்பகுதி இரண்டே பிரிவு: ஸ்புமெல்லேரியா, நாசெல்லேரியா. ஸ்புமெல்லேரியா நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் வளரும். கோளம், தட்டு, நீள்கோளம், கைகள் நீட்டிய தட்டு என்று வடிவங்கள் வரும். நாசெல்லேரியாவுக்கு ஒரு முனை தலை, மறுமுனை வாய். அச்சு ஒன்றுதான், இரு முனைகளும் வேறுவேறு. கூம்பு, மணி, தொப்பி போன்ற வடிவங்கள் அதனால் வருகின்றன.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன. நூறில் தொண்ணூறு முறை அது போதும். மீதிப் பத்து முறைக்காகத்தான் கீழே உள்ள பதில்களில் பாதி எழுதப்பட்டிருக்கிறது.

ஸ்புமெல்லேரியாவில் எதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்?

ஒன்றினுள் ஒன்றாக வைத்த எவர்சில்வர் டப்பாக்களைப் போல ஓடுகள் அடுக்கியிருக்கும். வெளியே இருப்பது புறணி ஓடு, உள்ளே இருப்பவை மைய ஓடுகள். அவற்றை ஆரக் கம்பிகள் இணைக்கும், சில கம்பிகள் புறணியைத் துளைத்து வெளியே முட்களாக நீளும். மிகச் சிறிய உள் ஓட்டின் வடிவம் என்ன (உருண்டையா, பேரிக்காய் போன்றதா, பல முகம் கொண்டதா), அதிலிருந்து எத்தனை கம்பிகள் எந்தத் திசையில் கிளம்புகின்றன, புறணி ஓடு சல்லடையா பஞ்சு போன்றதா, துளைகள் ஒரே அளவா என்று வரிசையாகப் பாருங்கள்.

சில உதாரணங்கள். ஹெக்ஸகான்டியத்தில் ஆறு முதன்மை முட்கள், மூன்று அச்சுகளில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். டிடிமோசிர்டிஸ் பேரினத்தில் புறணி ஓடு இடுப்பில் ஒடுங்கி இரட்டை உருண்டையாகத் தெரியும். டெட்ராபைல் கோளமே அல்ல, மையத்தைச் சுற்றி மூன்று தளங்களில் பட்டைகளாகச் சுற்றி வளர்ந்து, இடையில் பெரிய இடைவெளிகளை விட்டிருக்கும். டிக்டியோகோரைனுக்குப் பஞ்சு போன்ற மூன்று கைகள், கைகளுக்கு நடுவே படாகியம் என்னும் மெல்லிய வலை. சாட்டர்னாலிஸில் நடு ஓட்டைச் சுற்றி ஒரு வளையம். அதைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று கேட்கத் தோன்றாது.

நாசெல்லேரியாவின் பாகங்கள் என்னென்ன?

உச்சியில் சிறிய தலை அறை, செபாலிஸ். அதன் கீழே மார்பு அறை, அடுத்தது வயிற்று அறை, சிலவற்றில் அதற்குக் கீழும் பல அறைகள். அறைகளுக்கு நடுவே வெளியில் ஓர் ஒடுக்கமும் உள்ளே ஒரு வளையமும் இருக்கும். தலையின் மேல் கொம்பு இருக்கலாம், வாயைச் சுற்றிக் கால்கள் இருக்கலாம், பக்கவாட்டில் இறக்கைகள் இருக்கலாம். பேரினத்தையும் சிற்றினத்தையும் தீர்மானிக்க அறைகளின் எண்ணிக்கை, எந்த அறை அகலம், துளைகள் நெடுக்கு வரிசையிலா சாய்வு வரிசையிலா, வாய் திறந்ததா சுருங்கியதா என்பவை உதவும்.

எல்லா நாசெல்லேரியாவும் அறை அறையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஸ்பைரிட் வகைகளில் தலை அறைதான் பெரிது. நடுவே டி வடிவ வளையம் ஒன்று அதை இரண்டு மடல்களாகப் பிரிக்கும். வேறு சில வகைகளில் சுவரே கிடையாது, ஒரு முக்காலி முள்ளும் சில கிளைகளும் மட்டும்.

உள் முள்கூடு என்கிறார்களே, அது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

நாசெல்லேரியாவின் தலை அறைக்குள் ஒரு சிறு கம்பிக்கூடு இருக்கும். நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, எம்பி என்று குறிப்பார்கள். அதன் ஒரு முனையிலிருந்து மேல்நோக்கி ஏ கம்பி, கீழே டி கம்பி, பக்கங்களுக்கு இரண்டு எல் கம்பிகள். மறுமுனையிலிருந்து வி கம்பி, சிலவற்றில் அதனுடன் இரண்டு சிறிய பக்கக் கம்பிகளும். ஏ கம்பி வெளியே நீண்டால் உச்சிக் கொம்பு ஆகும். டி கம்பியும் இரண்டு எல் கம்பிகளும் பல வகைகளில் மூன்று கால்களாகவோ இறக்கைகளாகவோ வெளிவருகின்றன. ஒருமுறை இந்த இணைப்பு பிடிபட்டுவிட்டால், மூன்று கால்கள் ஏன் மூன்று, கொம்பு ஏன் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

முக்கியத்துவம் இதுதான்: உயிரி கூட்டைக் கட்டத் தொடங்கும் இடம் இது. மார்பு, வயிறு, கால்கள் எல்லாம் பிறகு வருபவை. சூழலுக்கேற்ப அவை மாறலாம், தொடர்பில்லாத இரண்டு வம்சங்களில் ஒரே மாதிரி தோன்றலாம். தொடக்கக் கம்பிகளின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அதனால் குடும்பம், அதற்கு மேற்பட்ட பிரிவு என்று வரும்போது உள் கம்பிகளைப் பார்க்கிறோம், சிற்றினம் என்று வரும்போது வெளியே வருகிறோம். ஸ்புமெல்லேரியாவில் இதே இடத்தைப் பிடிப்பது மிகச் சிறிய உள் ஓடு.

உருண்டையாக இருந்தால் ஸ்புமெல்லேரியா என்று எழுதிவிடலாமா?

கூடாது. குறைந்தது மூன்று பொறிகள் இங்கே உண்டு.

முதலாவது, டைனோசர் யுகத்தின் கடைசிக் காலமான கிரெடேசியஸ் படிவுகளில் நிறைய வரும் ஹோலோகிரிப்டோகேனியம். வெளியே பார்த்தால் அழகான உருண்டை. உண்மையில் அது நாசெல்லேரியா. உருண்டை என்பது அதன் வயிற்று அறை, தலையும் மார்பும் அதற்குள் புதைந்து கிடக்கும். உருண்டையின் ஒரு பக்கத்தில் சிறிய வாயும் எதிர்ப்பக்கத்தில் சற்று மாறிய பரப்பும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, கொல்லோடேரியா. இவை பல செல்கள் கூழில் ஒன்றாக வாழும் கூட்டுயிரிகள். கொல்லோஸ்பியரா வகைகளில் ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் ஒற்றை உருண்டை ஓடு, உள் ஓடும் இல்லை ஆரக் கம்பியும் இல்லை. புக்கினோஸ்பியரா இன்வாஜினாட்டா என்ற சிற்றினத்தில் ஓட்டுச் சுவர் உள்நோக்கிக் குழாயாக மடங்கியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், மரபணுத் தரவுகளில் இந்த உருண்டைகள் ஸ்புமெல்லேரியாவைவிடக் கூம்பு வடிவ நாசெல்லேரியாவுக்கே நெருக்கமாக நிற்கின்றன.

மூன்றாவது, டைனோசர்களுக்கு முந்தைய பாலியோசோயிக் யுகத்துப் பாறைகளில் வரும் என்டாக்டினேரியா. வெளியே சல்லடைக் கோளம், உள்ளே மைய ஓட்டுக்குப் பதிலாக ஒரு முள்கூடு. கோளத்தை உடைத்துப் பார்க்காமல் இதைச் சொல்வது கடினம்.

பாலியோசோயிக் வகைகள் அவ்வளவு வேறுபட்டவையா?

ஆம். செனோசோயிக் ஸ்லைடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை அன்னியமாகத் தெரியும். அல்பைலெல்லேரியா என்னும் பிரிவு இருபக்கச் சமச்சீர் கொண்டது, மூன்று கம்பிகளால் ஆன முக்கோணச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. பாலியோசோயிக்கின் கடைசிக் காலமான பெர்மியனைச் சேர்ந்த ஃபோலிகுகுல்லஸ் துளையே இல்லாத, வளைந்த கூம்பு. கூம்பு என்பதால் அதை நாசெல்லேரியாவில் சேர்க்கும் ஆசை வரும், சேர்க்கக் கூடாது. உள் சட்டம் முற்றிலும் வேறு. லேட்டென்டிஃபிஸ்டுலேரியா என்ற இன்னொரு பிரிவுக்குக் கைகள் உண்டு. பிற்காலத்தின் கைகொண்ட ஸ்புமெல்லேரியாவை அப்படியே நினைவூட்டும், ஆனால் மையமும் கைகளுக்குள் ஓடும் குழாய்களும் வேறு கதை சொல்லும். பெர்மியன் இறுதிப் பேரழிவில் இந்தப் பழைய கூட்டங்கள் கிட்டத்தட்ட மறைந்தன. அடுத்து வந்த டிரையாசிக்கின் தொடக்கத்தில் உலகெங்கும் செர்ட் படிவே அரிதாகிப்போகிறது. அதன் பிறகு, டிரையாசிக்கின் நடுப்பகுதியில், நாசெல்லேரியா பெரிய அளவில் பெருகுகிறது.

19-ஆம் நூற்றாண்டு விலங்கியலாளர் ஹெக்கலின் வகைப்பாட்டை இன்றும் பயன்படுத்தலாமா?

பெயர்களுக்கு, ஆம். அமைப்புக்கு, வேண்டாம்.

கொஞ்சம் பின்னணி. 1830-களிலும் 40-களிலும் ஜெர்மன் இயற்கையியலாளர் ஏரன்பெர்க் இந்த உயிரிகளை விவரிக்கத் தொடங்கினார். பார்படோஸ் தீவின் இயோசீன் (செனோசோயிக்கின் முற்பகுதி) பாறைகளிலிருந்து மட்டும் நூற்றுக்கணக்கான சிற்றினங்களுக்குப் பெயர் வைத்தார். அவருடைய சேகரிப்பு இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரேடியோலேரியா என்ற பெயரைத் தந்தவர் யோஹன்னஸ் முல்லர், 1858-இல். அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலின் மாதிரிகளை எடுத்துக்கொண்டு 1887-இல் வெளியிட்ட அறிக்கையில் 739 பேரினங்களையும் 4,318 சிற்றினங்களையும் பட்டியலிட்டார். அவற்றில் 3,508 புதியவை. கூடவே 140 படப் பலகைகள். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியின் நுழைவாயிலை வடிவமைத்த ரெனே பினே அவற்றிலிருந்துதான் உருவம் எடுத்தார்.

சிக்கல் எங்கே என்றால், ஹெக்கல் வடிவியலை நம்பினார். கோள வடிவங்களுக்கு அவர் போட்டது ஒரு கட்டம்: ஒரு பக்கம் முட்களின் எண்ணிக்கை (இல்லை, இரண்டு, நான்கு, ஆறு, பல), மறுபக்கம் ஓடுகளின் எண்ணிக்கை (ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அதற்கு மேல்). கட்டத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர்கள். தாளில் பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஓர் உயிரி வளரும்போது ஓடுகள் கூடிக்கொண்டே போகின்றன. அதனால் ஒரே சிற்றினத்தின் இளமையும் முதுமையும் இரண்டு பேரினங்களில், சில சமயம் இரண்டு குடும்பங்களில் போய் உட்கார்ந்தன. பிற்கால ஆய்வாளர்கள் அவற்றில் ஏராளமான பெயர்களை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டியிருந்தது. 1967-இல் வில்லியம் ரீடல் வம்சாவழியை அடிப்படையாக வைத்து வகைப்பாட்டைத் திருத்தி அமைக்கத் தொடங்கினார், பெட்ருஷெவ்ஸ்காயாவும் துமித்ரிகாவும் உள் அமைப்பை நுணுக்கமாகப் படித்தார்கள். இன்று நாம் பயன்படுத்துவது அந்த வழியில் வந்ததுதான்.

என் கருத்தைக் கேட்டால், ஹெக்கலின் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திறக்கலாம். ஆனால் அவர் சமச்சீரைச் சற்று மெருகேற்றி வரைந்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. ஸ்லைடில் கிடப்பவை அவ்வளவு ஒழுங்கானவை அல்ல.

மரபணு ஆய்வு வந்த பிறகு ஓட்டை வைத்து வகைப்படுத்துவது பழசாகிவிட்டதா?

இல்லை. புதைபடிவத்தில் மரபணு கிடைக்காது, ஓடு ஒன்றே சாட்சி. வாழும் வகைகளில் மரபணுவையும் ஓட்டையும் ஒரே உயிரியில் சேர்த்துப் படித்தபோது கிடைத்த முடிவுதான் சுவையானது: மைய அமைப்பை வைத்துப் பிரித்த குழுக்கள் பெருமளவு நிற்கின்றன, ஓடுகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்தவை நிற்கவில்லை. சில பழைய குழுக்களும் உடைந்தன. வாழும் வகைகளில் என்டாக்டினேரியா என்று சேர்த்து வைத்திருந்தவை ஒரே வம்சமாக வரவில்லை.

இளம் ஓடு, உடைந்த ஓடு கிடைத்தால் என்ன செய்வது?

பெயர் வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். படாகியம் வளராத டிக்டியோகோரைன் வேறு பேரினம் போலத் தெரியும். மார்போடு நின்றுபோன நாசெல்லேரியா, இரண்டே அறை கொண்ட இன்னொரு வகை என்று ஏமாற்றும். வாயின் விளிம்பைப் பாருங்கள். முழு வளர்ச்சி அடைந்த ஓட்டில் பெரும்பாலும் விளிம்பு தடித்தோ பற்களோடோ முடியும், வளரும் ஓட்டிலும் உடைந்த ஓட்டிலும் துளைகளின் நடுவே அறுந்து நிற்கும். பேரினம் உறுதி, சிற்றினம் சந்தேகம் என்றால் சிற்றினப் பெயருக்கு முன் சிஎஃப். (cf., 'ஒப்பிடுக') என்று போட்டுவிடுவது முறை. அதுவும் இல்லையென்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள்.

மாதிரியை எப்படித் தயார் செய்வது?

கடலடிச் சேறு என்றால் எளிது. சில கிராம் உலர்ந்த சேற்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் கரிமப் பொருள் போகும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு போகும், சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்ஃபேட் களிமண்ணைப் பிரித்துவிடும். அப்புறம் 63 அல்லது 45 மைக்ரோமீட்டர் சல்லடையில் கழுவி, மிஞ்சியதைக் கண்ணாடியில் சீராகப் பரப்பி, உலர்த்தி, கனடா பால்சம் போன்ற பிசினில் மூட வேண்டும். ஓபலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, பால்சத்துக்குச் சுமார் 1.54. இந்த வித்தியாசம் இருப்பதால்தான் நிறமற்ற கூடு கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் சல்லடையை நன்றாகக் கழுவுங்கள். முந்தைய மாதிரியின் ஒரு ஓடு ஒட்டியிருந்தாலும் வயது பல லட்சம் ஆண்டு தவறும்.

செர்ட் வேறு விஷயம். பாறையும் சிலிக்கா, ஓடும் சிலிக்கா. 1970-களுக்கு முன் பாறையை மெல்லிய சீவலாக அறுத்து, வெட்டு முகத்தை மட்டும் பார்த்து ஊகித்தார்கள். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் ஓடும் சுற்றியுள்ள பாறையும் வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு, ஓடு புடைத்து வெளியே வருகிறது. இந்த முறையைப் பெசாக்னோவும் நியூபோர்ட்டும் 1972-இல் வெளியிட்டார்கள்.

இதை வீட்டில் முயன்று பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. இந்த அமிலம் கண்ணாடியைத் தின்னும், அதனால் பிளாஸ்டிக் பாத்திரம்தான். தோலில் பட்டால் முதலில் வலிக்காமலேயே உள்ளே இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறிய பரப்பில் பட்டாலும் உயிருக்கு ஆபத்து வரலாம். புகைபோக்கி அறை, உரிய கையுறை, கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுகோனேட் களிம்பு, பழகிய ஒருவர் பக்கத்தில், இவை நான்கும் இல்லாத ஆய்வகத்தில் பாட்டிலைத் திறக்கக்கூட வேண்டாம்.

சாதாரண நுண்ணோக்கி போதுமா, மின்னணு நுண்ணோக்கி வேண்டுமா?

செனோசோயிக் ஓடுகளுக்குச் சாதாரண ஒளி நுண்ணோக்கிதான் முதல் கருவி. ஓடு ஊடுருவித் தெரியும், குவியத்தை மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்தினால் புறணி, மைய ஓடு, கம்பிகள் என்று ஒவ்வொரு தளமாக வரும். ஸ்கேனிங் மின்னணு நுண்ணோக்கி தரும் படம் அழகானது, ஆனால் அது பரப்பை மட்டும் காட்டும், மையம் மறைந்தே இருக்கும். மீசோசோயிக் (டைனோசர் யுகம்), பாலியோசோயிக் செர்ட்டிலிருந்து எடுத்தவை பெரும்பாலும் குவார்ட்ஸாக மாறி மங்கிப்போயிருக்கும், ஒளி ஊடுருவாது. அங்கே மின்னணு நுண்ணோக்கி தவிர வழியில்லை, உடைந்த ஓடுகளே உள் அமைப்பைக் காட்டும் வரம்.

ஓட்டை வைத்துப் பாறையின் வயதைச் சொல்ல முடியுமா?

முடியும், ரேடியோலேரியாவின் பெரும் பயனே அதுதான். சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோகும் ஆழ்கடலில் இவைதான் மிஞ்சுகின்றன.

போடோசிர்டிஸ் என்ற நாசெல்லேரியா வம்சம் நல்ல பாடம். இயோசீனின் நடுப்பகுதியிலிருந்து பிற்பகுதி வரை சைனுவோசா, மிட்ரா, சலாரா, கோத்தியானா என்று ஒன்றிலிருந்து ஒன்று வருகிறது. வயிற்று அறை பருத்துக்கொண்டே போகும், துளைகள் பெரிதாகி எண்ணிக்கையில் குறையும், கோத்தியானாவில் நடுவரிசைத் துளைகள் நீண்ட சாளரங்களாகவே ஆகிவிடும். (கவிஞர் கோத்தேயின் பெயரை அதற்கு வைத்தவர் ஹெக்கல்தான்.) இடைப்பட்ட வடிவங்களும் கிடைப்பதால், எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதைத் துளைகளை எண்ணித்தான் முடிவு செய்கிறார்கள். பிளியோசீனில் ஐந்து மூலை கொண்ட ஸ்பாஞ்சாஸ்டர் பென்டாஸ், நான்கு மூலை கொண்ட டெட்ராஸுக்கு வழிவிடுகிறது. மேலே சொன்ன புக்கினோஸ்பியரா இன்வாஜினாட்டா சுமார் 1,80,000 ஆண்டுகளுக்கு முன்புதான் தோன்றியது. அது இருந்தால் சேறு அதைவிட இளையது. ஸ்டைலாட்ராக்டஸ் யூனிவெர்சஸ் சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்களில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அழிந்தது என்று ஹேஸும் ஷாக்கிள்டனும் 1976-இல் காட்டினார்கள்.

ஜப்பானில் இந்தக் கலை நிலவியலையே புரட்டிப்போட்டது. மினோ என்னும் நிலவியல் பட்டையின் செர்ட் பாறைகளை, அருகிலுள்ள சுண்ணாம்புக்கல்லில் இருந்த ஃபுசுலினிட் (பழைய ஃபோராமினிஃபெரா வகை) புதைபடிவங்களை வைத்து, பாலியோசோயிக் என்றே நம்பியிருந்தார்கள். 1970-களின் இறுதியில் செர்ட்டை அமிலத்தில் போட்டு எடுத்தபோது வெளிவந்தவை டிரையாசிக், ஜுராசிக் ரேடியோலேரியா. பழைய சுண்ணாம்புக்கல் கட்டிகள் இளைய படிவுக்குள் கலந்து கிடந்தன. கடலடித் தட்டு கண்டத்துக்குக் கீழே அமிழும்போது சுரண்டப்பட்டு ஒட்டிய படிவுகளே அந்த மலைகள் என்பது அதன் பிறகு உறுதிப்பட்டது.

ஒரு எச்சரிக்கை: பழைய ஓடுகள் அரிக்கப்பட்டு இளைய சேற்றில் வந்து சேர்வது சாதாரணம். கூட்டத்தில் இளையவை எவை என்று பார்த்துத்தான் வயது சொல்ல வேண்டும்.

பழைய பருவநிலையும் தெரியுமா?

தெரியும். பனியுகங்களுக்குப் புவியின் சுற்றுப்பாதை மாற்றங்களே தாளம் போடுகின்றன என்று நிறுவிய 1976-ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேஸ், இம்ப்ரீ, ஷாக்கிள்டன் மூவரும் எழுதியது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கடலடியைத் துளைத்து எடுத்த இரண்டு சேற்றுத் தண்டுகளில் அவர்கள் அளந்த மூன்று அளவுகளில் இரண்டு ரேடியோலேரியாவிலிருந்து வந்தவை: கூட்டத்தின் கலவையிலிருந்து கணித்த கோடைக்கால நீர் வெப்பநிலை ஒன்று, சைக்ளடோஃபோரா டேவிசியானா என்ற சிறிய நாசெல்லேரியாவின் சதவீதம் இன்னொன்று. சிற்றினத்தைத் தவறாக அடையாளம் கண்டிருந்தால் அந்த வளைகோடுகளே தவறியிருக்கும்.

ஒரு ஸ்லைடில் எத்தனை ஓடுகளை எண்ண வேண்டும்?

சதவீதம் சொல்ல வேண்டுமென்றால் 300 முதல் 500. வயது மட்டும் என்றால் எண்ணாமல், அடையாளச் சிற்றினங்களைத் தேடி முழு ஸ்லைடையும் ஓட்டிப் பாருங்கள்.

கணினி தானாக அடையாளம் காணாதா?

படங்களைக் கொண்டு பயிற்றுவித்த நரம்பு வலையமைப்புகள் இப்போது பல வகைகளை நன்றாகவே பிரிக்கின்றன, எண்ணும் அலுப்பு குறைகிறது. ஆனால் பயிற்சிப் படத்துக்குப் பெயர் எழுதுபவர் மனிதர்தான். ஒற்றைக் குவியத்தில் எடுத்த படத்தில் மையம் தெரியாது, தெரியாததைக் கணினியும் கற்காது.

இந்தியாவில் எங்கே கிடைக்கும்?

மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில், சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில், ரேடியோலேரியச் சேறு பரந்து கிடக்கிறது. மாங்கனீசு உருண்டைகளுக்காக அந்தப் பகுதியை ஆராய்ந்த கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் அதிலிருந்து நிறைய ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறது. நிலத்தில் என்றால் அந்தமான், நிக்கோபார் தீவுகளின் படிவுகள். நிக்கோபார் மாதிரிகளை ஏரன்பெர்க்கே 19-ஆம் நூற்றாண்டில் பார்த்திருக்கிறார். நாகாலாந்து, மணிப்பூர் மலைகளின் ஓஃபியோலைட் (நிலத்தில் ஏறிய பழைய கடலடித் தட்டு) பாறைகளோடு செர்ட் வருகிறது, அதில் ஜுராசிக் ரேடியோலேரியா உண்டு. தமிழ்நாட்டில் திருச்சி, பெரம்பலூர் பகுதியின் கிரெடேசியஸ் பாறைகளிலிருந்தும் ரேடியோலேரியா பதிவாகியிருக்கிறது. பெரம்பலூர் அருகிலுள்ள காரை கிராமத்துக்கு அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுப் புதைபடிவம் பார்க்கப் போகும் கல்லூரிக் குழுக்கள் களிமண்ணில் ஒரு பையளவு எடுத்து வந்து கழுவிப் பார்க்கலாம், ஃபோராமினிஃபெராவாவது நிச்சயம் கிடைக்கும். ஆனால் முதல் பயிற்சியை அங்கே தொடங்க வேண்டாம். இளைய ஆழ்கடல் சேற்றின் ஸ்லைடு ஒன்றைத் துறையிலிருந்து இரவல் வாங்கி, அதில் ஐம்பது ஓடுகளின் மையத்தை வரைந்து பழகிய பிறகு போங்கள்.